கூரை யாருடையது?

போன மாரியில் எங்கட மேல்வீட்டுச் சிலாப் ஒழுகத் தொடங்கியது. மேசன் பாஸ் ஏறிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். கீழே இறங்கி ராத்தாவிடம் பாதி கேட்டேன்.

"ஒழுகுறது உன்ட வீட்டுக்குள்ளதானே, நான் ஏன் தரணும்?" என்றா.

மாத்தளையில் இது புதுக்கதை இல்லை. மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்வீடு. இன்னொரு காணி வாங்க வசதியில்லாத வாப்பாமார் வேறென்ன செய்வது? எங்கட வாப்பாவும் இருவருக்கும் "பிரிக்கப்படாத அரைப்பங்கு" என்று உறுதி எழுதிவிட்டு மௌத்தானார். மேல், கீழ், படி, கூரை என்று ஒரு சொல்லும் அதில் இல்லை.

உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போனேன். எங்கள் நாட்டின் ரோமன் டச்சுச் சட்டப்படி, காணி யாருக்கோ அதன்மேல் எழும்பிய கட்டடமும் அவருக்கே. காணி இருவருக்கும் பொது என்றால் மேல்வீடும் கீழ்வீடும் கூரையும் பொது.

மாடியில் ஒரு வீட்டைத் தனிச் சொத்தாக வைத்திருக்க வழி தருவது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். அதன்கீழ் பதிந்த தொடர்மாடியில் வீடு மட்டும் தனியுடைமை. கூரை, படிக்கட்டு, அத்திவாரம் எல்லாம் பொது. உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அவரவர் பங்குக்கு ஏற்பக் காசு சேர்த்துத் திருத்தும். மேற்பார்க்க கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது.

எங்கட வீடு அப்படிப் பதியப்படவில்லை. 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டப்படி வழக்குப் போடலாம். பிரிக்க முடியாவிட்டால் நீதிமன்றம் விற்கச் சொல்லும். ஓர் ஒழுக்குக்காக வாப்பாவின் வீட்டை விற்பதா?

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருசத்துக்கு முன் மலசலகூடக் குழி நிரம்பியபோது, "குழி உங்கட முற்றத்திலதானே ராத்தா" என்று சொன்னது நான். அவ தனியே செலவழித்தா. இப்போது என்னுடைய வசனத்தைத்தான் எனக்குத் திருப்பித் தந்திருக்கிறா.

அன்றிரவு குழிக்கான பாதிக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. தேத்தண்ணி ஊத்தினா. பிறகு ஒரு கொப்பியில் எழுதினோம்: கூரை, படி, தண்ணீர் டாங்கி, குழி நாலும் பொது, மாதாமாதம் இருவரும் சமமாக ஒரு பெட்டியில் போடுவது. இருவரும் கையொப்பம் வைத்தோம். அது உறுதி இல்லைதான். ஆனால் அடுத்த வாரமே சிலாப் வேலை தொடங்கியது.

இப்படியான இரண்டு மாடிக் குடும்ப வீடுகளையும் குறைந்த செலவில் பதியக்கூடிய எளிய வழியொன்று சட்டத்தில் வரவேண்டும். அதுவரை வாப்பாமாரே, உம்மாமாரே, கூரையும் குழியும் யார் பொறுப்பு என்று நீங்கள் இருக்கும்போதே எழுதிவையுங்கள். அல்குர்ஆனின் மிக நீளமான வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்வதுதான். சொந்தத்துக்குள் எழுதுவது வெட்கமில்லை. எழுதாததால்தான் நாங்கள் இருவரும் ஒரு மாரி முழுக்கப் பேசாமல் இருந்தோம்.