ஆடுகளுக்கு நல்லது, அம்மாவுக்கு?

சென்ற ஆண்டு ஒரு விளம்பரப் பிரசுரத்தை மொழிபெயர்க்கும் வேலை வந்தது. தமிழில் முதுகலை படித்துவிட்டு டெல்லியில் பத்திரிகை வேலை பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் உபரி வருமானம். ஏறி நின்றால் அதிரும் பலகை ஒன்றுக்கான விளம்பரம். 'தினமும் 15 நிமிடம் நின்றால் போதும், எலும்பு உறுதியாகும்' என்று சரளமாக எழுதிக் கொடுத்தேன். 'அதிர்வு மேடை' என்று பெயர் வைத்ததில் கொஞ்சம் பெருமைகூட. கூலியில் பாதி பணமாக வந்தது. மீதிக்கு மேடையையே அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவுக்கு 72 வயது. மயூர் விஹாரில் என்னோடு இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வாளியைத் தூக்கியபோது முதுகெலும்பில் ஒன்று நசுங்கியது. ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றாலே ஆஸ்டியோபோரோசிஸ்தான். நான் அலுவலகம் போயிருந்த ஒரு மதியம் மேடையில் ஏறி, 40-ல் வைத்து, ஐந்து நிமிடம் நின்றிருக்கிறார். இரவு வலியில் படுக்க முடியவில்லை. "ஏம்மா இப்படி?" என்றால், "நீ எழுதினதுதானேடி" என்கிறார்.

எக்ஸ்ரேயில் புதிய முறிவு இல்லை. ஆனால் என் தூக்கம் போயிற்று. எழுதும் முன் படித்திருக்க வேண்டியதை அப்போதுதான் படித்தேன்.

நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கிளின்டன் ரூபின் குழு, செம்மறியாடுகளின் பின்னங்கால்களுக்கு தினம் 20 நிமிடம் மெல்லிய அதிர்வு கொடுத்தது. ஓராண்டில் தொடை எலும்பின் உள்ளே பஞ்சு போன்ற பகுதியின் அடர்த்தி 34 சதவீதம் கூடியது. 2001-ல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. விளம்பரங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. டொரன்டோவில் ஏஞ்சலா சியுங் குழு, மாதவிலக்கு நின்ற 202 பெண்களிடம் ஓராண்டு சோதித்துவிட்டு 2011-ல் சொன்னது: எலும்பு அடர்த்தியில் பலன் இல்லை.

இரண்டு சோதனைகளிலும் அதிர்வின் முடுக்கம் புவியீர்ப்பில் 0.3 பங்குதான். கடைகளில் விற்கும் மேடைகளில் சில புவியீர்ப்பையே பல மடங்கு தாண்டுகின்றன. நசுங்கிய முதுகெலும்பு அதைத் தாங்குமா? எங்கள் வீட்டு மேடையில் 1 முதல் 99 வரை எண்கள் இருக்கின்றன. முடுக்கம் எவ்வளவு என்று எங்கும் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். "99 ஸ்பீடு மேடம், மார்க்கெட்டிலேயே இதுதான் அதிகம்."

முறிவு கண்டவர்கள், பேஸ்மேக்கர் அல்லது செயற்கை மூட்டு வைத்தவர்கள், காலில் ரத்தக்கட்டு, விழித்திரை விலகல் உள்ளவர்கள் எல்லாம் கேட்காமல் ஏறக் கூடாது என்றார் எலும்பு மருத்துவர். மற்றவர்களும் முடுக்கம் தெரிந்த மெல்லிய மேடையில்தான் நிற்க வேண்டும். கைப்பிடி வேண்டும். முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ள வேண்டும், விறைத்து நின்றால் அதிர்வு தலைவரை ஏறும். மருந்துக்கு மாற்றாக மட்டும் நினைக்கவே கூடாது. அம்மாவுக்கு மாத்திரை, வைட்டமின் டி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் பயிற்சி, என் கையைப் பிடித்தபடி மாலை நடை.

மறுபதிப்புக்காக ஓர் எச்சரிக்கைப் பத்தி எழுதி அனுப்பினேன். அச்சில் அதைக் காணோம். 'அதிர்வு மேடை' மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மாடி வீட்டு மாமி மேடையை இரவல் கேட்டிருக்கிறார். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.