கரையோரம் ஒதுங்கிய கானகம்

போர்னியோத் தீவில், மலேசியாவின் சபா மாநிலத்திலே, 560 கிலோமீட்டர் நீளமுடையது கினபத்தாங்கான் ஆறு. சுக்காவ் கிராமத்தில், அஸர் வேளைக்குப் பின் படகேறினோம். வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்திக் கைகாட்டினார். அத்தீவுக்கே உரிய நீள்மூக்குக் குரங்குகள் இரவுத் துயிலுக்காக ஆற்றோர மரங்களை நாடி வந்துகொண்டிருந்தன. இருவாட்சிகள் இணையாய்ப் பறந்தன. ஒரே மாலையில் இத்தனை உயிர்களா என வியந்தோம்.

வழிகாட்டி வியக்கவில்லை. "இம்மரங்களுக்குப் பின்னால் சிறிது தூரம் நடந்தால் காடு முடிந்துவிடும்" என்றார். காட்டை அழித்து எழுந்த எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் நெருக்கவே, எஞ்சிய கரையோரத்தில் விலங்குகள் ஒதுங்கியுள்ளன. 2005-இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற ஏறத்தாழ 26,000 ஹெக்டேரும் துண்டு துண்டாகவே கிடக்கின்றது. நாம் கண்டது செழிப்பன்று, நெருக்கடி.

உலகில் பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு நம் இந்தியா. ரேஷன் கடை வழியே அது ஏழை இல்லங்களின் அடுப்படிக்கு வருகின்றது. அதனை வேண்டாமெனக் கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும், புதிதாகக் காடழிக்காத தோட்டங்களின் எண்ணெயையே வாங்குக என அரசினரைக் கேட்கும் உரிமை நமக்குண்டு, கேட்பது கடமையுமாகும்.