வலைக்கண்ணும் மனிதக்கண்ணும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஐம்புலன்களுள் கண்ணே தலையாயது என்பர் பெரியோர். அக்கண்ணின் ஆற்றலை எப்படி அளக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை 1862 ஆம் ஆண்டு உருவாக்கியவர் ஸ்நெல்லன் என்னும் டச்சுக்காரர். (1613 இல் எங்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்களும் டச்சுக்காரர்களே!) 6 மீட்டர் தொலைவில் நின்று, 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள எழுத்தைப் படித்துவிட்டால் பார்வை சரி என்பது கணக்கு. எழுத்தறியாதவர்க்கு 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைப் பல பக்கமும் திருப்பி வைத்து, அதன் கால்கள் எப்பக்கம் என்று விரலால் காட்டச் சொல்வார்கள்.

எங்கள் நைனாவுக்கு வயது 48. பாடு கிடைக்கும் நாளில் ஏரியில் இறங்குவார். மற்ற நாளில் திண்ணையில் அமர்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்வார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கத் தொடங்கினார். அப்போது குப்பத்தில் ஒரு கண் முகாம் நடந்தது. 'ஈ' பலகையின் கடைசி வரி வரைக்கும் விரலால் காட்டினார் நைனா. "கண்ணுல ஒரு குறையும் இல்லை" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

"எட்டத்துல இருக்கிற எழுத்தெல்லாம் தெரியுது, மடியில இருக்கிற கண்ணி தெரியலியே!" என்றார் அன்று மாலை அம்மாவிடம். வலை வேறொருவர் கைக்குக் கூலிக்குப் போயிற்று. அந்தக் கூலி, என் தேர்வுக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்த பணம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்.

நாற்பதைக் கடந்தால் கண்ணின் வில்லை இறுகிவிடும். 6 மீட்டரில் பார்க்க அது கால் டயாப்டர்கூடக் குவிய வேண்டியதில்லை. 40 சென்டிமீட்டரில் பார்க்கவோ இரண்டரை டயாப்டர் வேண்டும். நம் ஆய்வகத்துத் திருகு அளவியால் அளந்தேன். வலை நூலின் பருமன் கால் மில்லிமீட்டர். அதை ஓலை நிழலில் பார்ப்பவரின் கண்ணைச் சுவர்ப் பலகை எப்படி அளக்கும்?

1819 இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு நைனாவை அழைத்துச் சென்றேன். அங்கே கிட்டப் பார்வையையும் சோதித்தார்கள். பையிலிருந்து வலைத்துண்டை எடுத்துக் கொடுத்தேன். சோதனைக் கண்ணாடியோடு அதைத் திருப்பித் திருப்பிக் கண்ணிகளை எண்ணினார் நைனா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவர் விடவில்லை.

மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமான பைஃபோகல் கண்ணாடி வந்தது. வலை திரும்பவும் திண்ணைக்கு வந்தது. ஆனால் படகில் ஏறக் கீழே பார்த்தால் பலகை மங்குகிறதாம். கழற்றி மடியில் செருகிக்கொள்கிறார்.

பைஃபோகல் காண்டாக்ட் லென்ஸும் உண்டு என்று நூலகத்தில் படித்தேன். அவற்றுள் பலவற்றில் இரண்டு திறன்களும் ஒரே நேரத்தில் கண்மணியின் முன் நிற்கின்றன. தூர உருவமும் கிட்ட உருவமும் விழித்திரையில் ஒன்றன்மேல் ஒன்று விழ, தெளிவானதை மூளை எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல வெளிச்சத்தில் கருப்பு எழுத்தைக் கடைசி வரி வரை படித்தவரே மங்கலில் தடுமாறக்கூடும். ஆகவே அளவு மாறாமல் கருமை மட்டும் படிப்படியாகக் குறையும் எழுத்துகளைக் கொண்டு அளக்கிறார்கள். 1988 இல் வந்த பெல்லி–ராப்சன் பலகை அத்தகையது. கிட்டம், இடைத்தூரம், தூரம் மூன்றிலும் இரு கண்ணும் திறந்தபடி பார்க்கவும் சொல்கிறார்கள். விடியற்காலையில் சாம்பல் நிற ஏரியில் சாம்பல் நிறக் கழியைத் தேடுபவருக்கு ஏற்ற சோதனை இதுதான் என்பேன்.

லென்ஸ் மட்டும் அவருக்கு ஆகாது. அதை அணிந்து தண்ணீரில் இறங்கினால் கிருமி தொற்றும். நைனாவிடம் சொன்னபோது சிரித்தார். "கண்ணுக்குள்ளயா? ஏண்டா, ஒரு செதில் பட்டாலே ரெண்டு நாள் உறுத்துது!"

இப்போது அட்டையில் மூன்று அளவு வலைத்துண்டுகளை ஒட்டி, 40 சென்டிமீட்டர் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். நிழலில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை எண்ணச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியப்பா நிழலில் பன்னிரண்டு கண்ணியை ஒன்பது என்றார். முகாமில் குறையில்லை என்று சீட்டு வாங்கியவர் அவரும். தேர்வு முடிந்த மறுநாள் அவரை எழும்பூருக்கு அழைத்துப் போகிறேன்.