பட்டியலை நான் மாற்றவில்லை

அமெரிக்க மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வு 2011 ஆகஸ்டில் மாறியது. எதிர்ச்சொல் கேள்விகளும் சொற்களின் உறவைக் கேட்கும் ஒப்புமைக் கேள்விகளும் அடியோடு போயின. மாற்றம் வரப்போவது எனக்கு முன்பே தெரியும். தேர்வை நடத்தும் இடிஎஸ் வெளியிட்ட மாதிரிக் கேள்விகளையும் பார்த்திருந்தேன். ஆனாலும் மைசூரு சரஸ்வதிபுரத்தில் என் வீட்டு முன்னறையில் நடந்த வகுப்பில், அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பழைய சொற்பட்டியலையே பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தேன். தெரிந்தே செய்தேன்.

பழைய தேர்வில் பட்டியலுக்கு வேலை இருந்தது. ஒரு சொல்லைத் தனியாகக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்டால் மனப்பாடம் கைகொடுக்கும். பாரன்ஸ் புத்தகத்தின் 3,500 சொற்களை அகரவரிசையில் உருப்போட்டு அமெரிக்கா போனவர்கள் உண்டு; நானும் அப்படித்தான் மதிப்பெண் வாங்கினேன். புதிய தேர்வு வேறு மாதிரி. ஒரு சிறு பத்தியில் மூன்று கோடிட்ட இடங்கள்கூட வரும். மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். இரண்டு சரி, ஒன்று தப்பு என்றால் ஒன்றும் கிடையாது. இன்னொரு வகையில், ஆறு சொற்களிலிருந்து வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டை எடுக்க வேண்டும். ஒத்த சொற்களாக இருந்தும் அந்த வாக்கியத்தில் பொருந்தாத ஜோடியையும் உள்ளே வைத்திருப்பார்கள். பட்டியலை மட்டும் படித்தவன் நேராகப் போய் அதில்தான் விழுவான். கேள்விகளில் ஏறக்குறையப் பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது.

பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, “எத்தனை வேர்ட்ஸ் கவர் பண்ணுவீங்க மேடம்?” ஓர் எண்ணைச் சொன்னால் முகம் தெளியும். ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புத்தகம் கனமாக இருந்தால் கொடுத்த ஃபீஸுக்கு ஏதோ கிடைத்த நிறைவு. இதுதான் காரணம் என்று எனக்கே வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்: எனக்குப் படிக்க வராது. ஆங்கிலம் சரளமாகப் பேசுவேன், எழுதுவேன். ஆனால் கடல்வாழ் நுண்ணுயிர்களைப் பற்றியோ ஓவிய வரலாற்றைப் பற்றியோ செறிவாக எழுதிய ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியவர் இதில் யாரை மறுக்கிறார் என்று கேட்டால் தடுமாறிப்போவேன். பட்டியல் இருந்தவரை இது வெளியே தெரியவில்லை. நான் சொல்லைக் கேட்பேன், பிள்ளைகள் பொருள் சொல்வார்கள், விடைக்குறிப்பு என் கையில் இருக்கும்.

நஞ்சன்கூட்டிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண். பத்தாவது வரை கன்னட மீடியம். கணக்கில் அவள் போட்ட வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. பஸ்ஸிலும் சொற்களை எழுதி எழுதிப் பார்த்தாள். இரண்டாம் நாளே பாதி மறந்துபோயிருக்கும். “எனக்கு மறதி ஜாஸ்தி மேடம்” என்றாள். பொருளோடு ஒட்டாத அசைகள் எவ்வளவு சீக்கிரம் மறக்கின்றன என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்மேலேயே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்திருந்தவள் நான். எந்த வாக்கியத்திலும் சந்திக்காத சொற்கள் அவளுக்கு அந்த அசைகளைப் போலத்தான் இருந்திருக்கும். நான் அவளிடம் சொன்னது: “இன்னும் நாலு தடவை எழுதிப் பாரும்மா.” சில வாரங்களில் வருவதை நிறுத்திவிட்டாள். தனக்கு மூளை போதவில்லை என்ற எண்ணத்தோடு போனாள். அந்த எண்ணத்தை அவளுக்குக் கொடுத்தது நான்.

இன்னொன்று இதைவிடக் கூசுகிறது. சுலபமாக நினைவில் நிற்கட்டும் என்று ஒத்த சொற்களைக் கூட்டம் கூட்டமாகத் தொகுத்து நானே குறிப்புகள் தயாரித்திருந்தேன். சிக்கனம் என்ற வரிசையில் ஃப்ரூகலும் பார்சிமோனியஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எஸ்ஓபி கட்டுரையில், ஓவர்டைம் பார்த்துத் தன்னைப் படிக்கவைத்த அப்பாவைப் பற்றி நெகிழ்ந்து எழுதிவிட்டு, அவருக்கு இரண்டாவது சொல்லைப் போட்டிருந்தான். அப்பாவைக் கஞ்சன் என்று எழுதியது அவனுக்குத் தெரியாது. அனுப்பிய பிறகு எனக்குக் காட்டினான். “அப்பாவுக்குக் கன்னடத்தில் சொல்லிக் காட்டினேன், சந்தோஷப்பட்டார்” என்றான். நல்லா இருக்கு என்றேன். தப்பு என்று சொன்னால் அது என் தாளிலிருந்து போனது என்று தெரிந்துவிடும். அடுத்து விண்ணப்பித்த இடங்களுக்கும் அதே கட்டுரைதான் போயிருக்க வேண்டும்.

சோர்ந்துபோகிற பிள்ளைகளுக்கு எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் கதையைச் சொல்வேன். என்னைப் போலத் தமிழ் பேசும் வீடு, இதே மைசூரு, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் தோற்றவர். 1935இல் அவருடைய ‘சுவாமி அண்ட் ஃப்ரண்ட்ஸ்’ நாவல் வெளியானது என்று சொன்னால் கண்ணில் நம்பிக்கை வரும். தோற்ற அந்த ஒரு வருடம் அவர் என்ன செய்தார் என்பதைச் சொன்னதே இல்லை. படித்தார். அப்பா தலைமையாசிரியராக இருந்ததால் பள்ளி நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விருப்பப்பட்டதையெல்லாம் எடுத்துப் படித்தார். அந்தப் பாதியைச் சொன்னால் என் பட்டியலுக்கு என்ன இடம் என்று பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். யாதவகிரியில் அவர் வீடு 2016இல் அருங்காட்சியகமானபோது வகுப்பையே கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் சொல்லவில்லை.

2020இல் கொரோனா வந்து, தேர்வையே வீட்டிலிருந்து எழுதலாம் என்றானது. வகுப்பும் திரைக்கு மாறியது. ஒரு பையன் பத்தி ஒன்றைத் திரையில் போட்டு, “நீங்க போடுங்க மேடம், நாங்க பார்க்கறோம்” என்றான். விடைக்குறிப்பு இல்லை. எல்லாருக்கும் முன்னால் தப்பாகச் சொன்னேன். ஏன் அந்த விடையை எடுத்தேன் என்று அவர்கள் கேட்க, நான் விளக்க, ஒரு மணி நேரம் போயிற்று. அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பாடம் நடந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது பட்டியல் கொடுப்பதில்லை. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மொழிப்பகுதியில் 41 நிமிடத்தில் 27 கேள்விகள். நானும் முன்கூட்டிப் பார்க்காத பத்திகளை எடுத்து, சேர்ந்து படிக்கிறோம். எத்தனை வேர்ட்ஸ் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் போகிறார்கள்.

நஞ்சன்கூட்டுப் பெண்ணைத் தேடிப் பேசினேன். ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய மறதி காரணமில்லை, நான் சொல்லிக்கொடுத்த முறைதான் காரணம் என்றேன். “அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்” என்றாள். மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. எஸ்ஓபி எழுதியவனுக்கு எழுதிவிட்டேன், பதில் வரவில்லை. மற்றவர்களின் எண்களைப் பழைய அட்மிஷன் நோட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.