பெயர் மறவாக் கடன்

தீவகத்திற் பிறந்து கல்லூரியிற் பாடஞ் சொல்லும் நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு: ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் எனத் தம் ஊர்ப்பெயரைச் சூட்டியும் பழம்பெயர் அழியவில்லை, அதனை வழங்குவோர் இங்கேயே இருந்தனர். 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஒல்லாந்து முதலிய நாடுகளுக்குத் தத்துச் சென்ற ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. வளர்ந்தபின் தாயைத் தேடி வந்தோருட் பலர், பத்திரத்திற் கண்ட தாயின் பெயரே பொய்யென அறிந்து கலங்கினர்.

இன்று இலங்கைப் பிள்ளையைத் தத்தெடுக்கும் வெளிநாட்டார், அதன் வளர்ச்சி குறித்து இங்குள்ள அதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்புதல் வேண்டும். அஃது அரசுக்குச் செய்யும் கடன். பிள்ளைக்குச் செய்யுங் கடன் வேறு: பெற்றவள் யார், பிறந்த ஊர் எது என்பதை மறையாது கூறுதல், பத்திரங்களைப் பேணுதல், தேடப் புறப்படுங்கால் துணைநிற்றல். பெற்றவளை அறிந்த பிள்ளை வளர்த்தவளை மறவாது.