வலைத் துண்டில் ஓர் ஆமை

எந்தக் காற்றுக்கு எது கரையேறும் என்பதை ஓலைத்தொடுவாய்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாடை பிறந்தால் மன்னார்த் தீவின் வடகரை நிறையும். சோழகம் எழும்பினால் தென்கரை. ஒற்றைச் செருப்பு, மருந்துப் போத்தல், லைட்டர், ரெஜிபோம் துண்டு, ஷாம்பு பக்கற், சிக்குப்பட்ட நைலோன் கயிறு. கரையில் ஒதுங்கிய குப்பையைக் கொண்டு சித்திரப் பாடம் நடத்தலாம் என்று போன எனக்கு, கடலைப் பற்றி அவர்களுக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. கேட்பதற்குத்தான் நிறைய இருந்தது.

அதனால் பசையையும் கத்தரிக்கோலையும் தொடுமுன் பொறுக்கியதையெல்லாம் மணலில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்போம். என்ன மொழி, என்ன விலை, எங்கே செய்தது? 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததுமான ஷாம்பு பக்கற்றுகள் 2021 மார்ச் 31 முதல் இலங்கையில் தடை. ஆனாலும் அவை கரையில் கிடக்கின்றன, இந்திய விலை அச்சிட்டபடி. “அவையள் போடுறதை நாங்க ஏன் ரீச்சர் அள்ளோணும்?” என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. நான் வாய் திறக்குமுன் இன்னொரு பிள்ளை, சிங்கள எழுத்துப் போட்ட சோடாப் போத்தலைத் தூக்கிக் காட்டினாள்: “சோழகத்துக்கு எங்கடையும் அங்கால போகும்தானே?”

பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. அழகாக ஒரு மீனையோ பூச்சாடியையோ செய்து சுவரில் மாட்டுவதைவிட இந்த வாசிப்பு முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குப்பைக்கு வர்ணம் பூசி, மினுக்கம் தூவி, அது குப்பை என்பதே தெரியாமல் மறைத்துவிடும் கைவேலைகளைப் பல கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். அதில் பிள்ளை கற்பது அலங்காரம் மட்டும்தான். போத்தல் மூடி போத்தல் மூடியாகவே தெரிய வேண்டும். அதைப் பார்ப்பவர் தன் வீட்டுக் குசினியை நினைக்க வேண்டும்.

ஒரு பொருளை மட்டும் கையால் தொட விடுவதில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அடுத்த மாதமே சோழகம் அதிலிருந்த மணிகளை மன்னார்க் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. சவ்வரிசி போல வெள்ளையாக, மீன் முட்டையென்று மீனே ஏமாறும் அளவில் இருப்பவை. கடல்நீரில் உள்ள நச்சு அவற்றில் ஒட்டிக்கொள்ளும். மணலில் கண்டவற்றைக் கையுறையோடு எடுத்து, ஒரு போத்தலில் இறுக மூடி வைத்தோம். கரைக் குப்பையில் நாங்கள் செய்துகொண்டிருந்த ஆமைக்கு வயிறு தேவைப்பட்டபோது, அந்தப் போத்தலையே உள்ளே கட்டிவிட்டார்கள் பிள்ளைகள்.

அந்த ஆமைதான் எங்களை அதிகம் சோதித்தது. ஓடு முழுக்க வலைத் துண்டுகள். பசை ஒட்டவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்க, ஒரு பையன் வலைமுடிச்சுப் போட்டு இரண்டு துண்டுகளை இணைத்துவிட்டான். வீட்டில் பார்த்துப் பழகிய கை. பிறகு பசையை யாரும் தேடவில்லை. ஆனால் ஒற்றை நைலோன் இழையாலான தங்கூசி வலைத் துண்டு ஒன்று கைக்கு வந்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தங்கூசி வலைக்கு நாட்டில் தடை என்பது அவர்களுக்குத் தெரியும். அது யார் வீட்டு வலை என்று நான் கேட்கவில்லை. தகப்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லும் பாடம் எதுவும் பிள்ளைக்கு வேண்டாம்.

வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தானாக எழும்பி வந்தார். “வலையை ஆரும் வேணுமெண்டு கடலில விடுறேல்ல ரீச்சர். இழுவைப் படகு வந்து அறுத்துக்கொண்டு போகும். மிச்சம் கீழ கிடந்து சும்மா சும்மா பிடிச்சுக்கொண்டே இருக்கும்.” 2017 இல் இலங்கை சட்டம் போட்டுத் தடுத்த இழுவைமடித் தொழில் பாக்குநீரிணையில் இன்னும் நிற்கவில்லை. அறுந்த வலையில் ஆமை மாட்டும், கடற்பசு மாட்டும், மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகும். வலை இழந்த குடும்பம் கடனில் விழும். குப்பை போடாதே என்ற ஒரு வரி வாசகத்துக்குள் இதை எப்படி அடக்குவது? வலைத் துண்டைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளைக்கு இது முழுதாகவே விளங்குகிறது.

கென்யாவின் லாமு தீவில், கரையொதுங்கிய பிளாஸ்டிக்கை உருக்கிப் பலகையாக்கி ஒரு பாய்க்கப்பலே கட்டினார்கள். மேலே ஏறத்தாழ 30,000 பழைய செருப்புகளைப் பதித்து, பிளிப்பிளோப்பி என்று பெயரிட்டு, 2018 இல் கடலில் இறக்கினார்கள். அடுத்த ஆண்டு அது சன்சிபார் வரை, சுமார் 500 கிலோமீற்றர் ஓடியது. பரம்பரையாக மரக்கலம் கட்டும் அந்தக் கரையின் ஆட்கள் தங்கள் தொழிலறிவாலேயே செய்தது என்பதால் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். “அதில மீன் பிடிக்கேலுமோ?” என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

ஆமை இப்போது மீன்வாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் கழுத்தில் பிள்ளைகள் ஒரு சாக்கைக் கட்டியிருக்கிறார்கள், வலை பொத்தும்போது வெட்டி எறியும் துண்டுகளுக்காக. சிலர் போடுகிறார்கள், சிலர் இன்னும் மணலிலேயே விடுகிறார்கள். சாக்கு நிறைந்தால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டு, கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பிள்ளைகளே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தங்கூசி பற்றியும் ஒரு வரி சேர்க்கலாமா என்று அவர்களுக்குள் இன்னும் வாக்குவாதம்.