தங்கச்சி ஆன பிறகு

தமிழில் 'அவர்' என்று ஒரு சொல் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது இணையத்தில் முகம் தெரியாமல் சேர்ந்து வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வந்தார், திருத்தினார், மறுத்தார். ஆணா பெண்ணா என்று சொல்லவே வேண்டியதில்லை. பலர்பாலை மரியாதைக்காக ஒருவருக்கே வைத்துப் பேசிப் பழகியதால் நமக்குக் கிடைத்தது இது. எல்லா மொழிக்கும் இப்படி வாய்க்கவில்லை. ஜெர்மன் விக்கிப்பீடியாவில் பயனரைக் குறிக்கும் சொல் ஆண்பால். ஒருவர் தன் அமைப்புகளில் பெண் என்று குறித்தால்தான் அவருடைய பக்கத்தின் தலைப்பு பெண்பாலாக மாறும். தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லாருமே 'பயனர்'தான்.

2011இல் விக்கிமீடியா அறக்கட்டளையின் செயல் இயக்குநராக இருந்த சூ கார்ட்னர், பெண்கள் ஏன் விக்கிப்பீடியாவில் எழுதுவதில்லை என்பதற்குப் பெண்களே சொன்ன ஒன்பது காரணங்களைத் தொகுத்தார். பங்களிப்பவர்களில் பெண்கள் சுமார் 13 சதவீதம்தான் என்று ஒரு கணக்கெடுப்பு சொல்லியிருந்த சமயம் அது. நேரமில்லை, சண்டை பிடிக்கவில்லை என்பவற்றோடு இன்னொன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது: எங்கள் மொழியில் இந்தத் தளம் எங்களை ஆணாக நினைத்தே கூப்பிடுகிறது. அந்த ஒரு காரணம் மட்டும் தமிழுக்குப் பொருந்தாது. ஆனால் நம்மிடம் உறவுமுறை இருக்கிறது.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும் தன்னார்வக் குழுவில் ஆறு வருஷமாக இருக்கிறேன். என் யூசர்நேம் ஒரு செடியின் பெயர்: எருக்கு. முதல் இரண்டு வருஷம் நான் 'ஐயா', 'நண்பரே'. பொத்தானில் 'சமர்ப்பி' என்று போட வேண்டாம், சாமிக்குப் படைக்கிற மாதிரி இருக்கிறது, 'அனுப்பு' போதும் என்று ஒருமுறை எழுதினேன். உடனே பதில் வந்தது: "ஐயா, 'அனுப்பு'ங்கறத மெயிலுக்கு ஏற்கெனவே வச்சிருக்கோம். ஒரே திரையில ரெண்டும் வந்தா என்ன செய்வீங்க?" நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்து, அப்படி எந்தெந்தத் திரையில் வருகிறது என்று எண்ணிப் பார்த்துப் பதில் எழுதினேன். பாதி நான் ஜெயித்தேன், பாதி அவர்கள்.

பிறகு ஒரு வீடியோ கூட்டத்தில் பேச வேண்டி வந்தது. குரல் கேட்டது. அடுத்த வாரத்திலிருந்து நான் தங்கச்சி.

பிழைச் செய்தி ஒன்றின் தமிழாக்கத்தில் செயப்பாட்டுவினை வேண்டாம் என்று எழுதினேன். முன்பு எழுதிய அதே தொனி, அதே நீளம். வந்த பதில்: "தங்கச்சி, டென்ஷன் ஆகாதீங்க. இதுக்கெல்லாம் கொஞ்சம் அனுபவம் வேணும்மா." இந்தப் பதிலில் எதை மறுப்பது? என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. என் மனநிலையைப் பற்றி ஏதோ சொன்னார். நான் டென்ஷனில் இல்லை என்று எழுதினால், அதுவே டென்ஷனுக்குச் சாட்சி ஆகிவிடும்.

தங்கச்சி கெட்ட வார்த்தை இல்லை. கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் "தங்கச்சி, உள்ள போம்மா" என்றால் எனக்கு நிம்மதிதான். அந்தச் சொல் பாதுகாப்பைக் கொண்டுவருகிறது. கூடவே ஒரு வரிசையையும் கொண்டுவருகிறது: அண்ணன் சொல்வார், தங்கை கேட்டுக்கொள்வாள். வேலை நடக்கிற இடத்தில் முதலாவது எனக்குத் தேவைப்படவில்லை, இரண்டாவது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் குழுவில் சேரும் பையன்களும் 'தம்பி'யாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வருஷத்தில் அவர்கள் 'ப்ரோ', 'ஜி', 'சார்' என்று வளர்ந்துவிடுகிறார்கள். தங்கச்சிக்குப் பதவி உயர்வே கிடையாது. வேண்டாம் என்று சொன்னால் "கூடப்பிறந்தவளா நெனச்சுத்தான் சொன்னேன்" என்று வருத்தப்படுகிறார்கள். பேச்சு பிழைச் செய்தியிலிருந்து பாசத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

இது என் ஒருத்தியின் தொட்டாற்சிணுங்கித்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கிட்ஹப் தளத்தில் அனுப்பப்படும் நிரல் திருத்தங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017இல் வெளியானது. மொத்தத்தில் பெண்களின் திருத்தங்கள் ஆண்களுடையதைவிட அதிகமாகவே ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் திட்டத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களில், யார் ஆண் யார் பெண் என்று தெரிந்தபோது, ஆண்களின் ஏற்பு விகிதம்தான் அதிகம்.

எனக்காக மட்டும் என்றால் நான் சும்மா இருந்திருப்பேன். பெயர் மாற்றிக்கொண்டு இன்னொரு செடியாக வந்திருக்கலாம். ஒரு கல்லூரி மாணவி சேர்ந்தார். சொந்தப் பெயர், சொந்தப் படம். மூன்று மாதத்தில் முந்நூறு வரிகள் மொழிபெயர்த்தார், எல்லாம் பேசுகிற மாதிரி இயல்பான தமிழ். ராத்திரி பதினோரு மணிக்குத் தனிச்செய்திகள் வர ஆரம்பித்தன. "சாப்டாச்சாம்மா?" "டிபி சூப்பர்." கேட்டால் "அக்கறைல கேட்டேன்." அவர் சண்டை போடவில்லை, புகார் கொடுக்கவில்லை. லாகின் செய்வதை நிறுத்திவிட்டார். அந்த முந்நூறு வரிகளும் இன்னும் மென்பொருளில் இருக்கின்றன.

அதன் பிறகுதான் நான்கு வரியில் நடத்தை விதி எழுதி முன்வைத்தேன். ஒருவர் எந்தப் பெயரில் வருகிறாரோ அந்தப் பெயரில் அழைப்போம். கருத்துக்குப் பதில் சொல்வோம், மனநிலையைக் கணிக்க வேண்டாம். மறுத்தால் காரணம் எழுதுவோம். வேலை சம்பந்தமில்லாத தனிச்செய்தியை, கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

"வேலைய மட்டும் பாருங்க, இதெல்லாம் எதுக்கு?" என்றார்கள். லினக்ஸ் கெர்னல் குழுவிலும் இதே கேள்வி எழுந்தது. 2018 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் விலகியிருந்தார். அதே சமயத்தில் குழுவுக்கு நடத்தை விதியும் வந்தது. கெர்னல் நின்றுவிடவில்லை.

எங்கள் குழுவின் மூத்தவர் மட்டும் உண்மையாகவே தவித்தார். "அப்ப எப்படிம்மா கூப்பிடறது? வெறும் பேரச் சொன்னா மரியாதையில்லாத மாதிரி இருக்கே." பேரோட 'நீங்க' போதும் சார், என்றேன்.

நான்கில் மூன்று விதிகள் ஏற்கப்பட்டன. தனிச்செய்தி விதி இன்னும் விவாதத்தில் கிடக்கிறது. அதை நான் விடுவதாக இல்லை. மூத்தவர் இப்போது 'எருக்கு அவர்களுக்கு' என்று ஆரம்பிக்கிறார், கல்யாணப் பத்திரிகை மாதிரி. நேற்று அப்படி ஆரம்பித்த செய்தியில் என் மொழிபெயர்ப்பு ஏன் தவறு என்று மூன்று காரணம் எழுதியிருந்தார். இரண்டாவது காரணம் வலுவானது. அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.